விண்டோஸ் அப்டேட்டை மற்ற கணினிகளுக்குப் பகிரும் வசதி: துணைப்பாட நிலையத்தில் அணைக்கலாமா?

தேக்கா_பாடசாலை கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் 18. அதில் 12 ப்ரோ, 6 ஹோம். எல்லாமே வைஃபையில்தான் ஓடுகின்றன. ஃபைபர் லைன் ஒன்று: டவுன்லோட் 1 ஜிபிபிஎஸ், அப்லோட் 500 எம்பிபிஎஸ். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் எங்கள் சொந்த ரவுட்டர், அதிலிருந்து இரண்டு ஆக்செஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி). மாணவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளும் இதே வைஃபையில்தான் சேர்கின்றன.

மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும் காணொளி வகுப்பு திக்கித் திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" (அப்டேட்டை இறக்கி, மற்றக் கணினிகளோடு பகிரும் விண்டோஸ் சேவை) முதலிடத்தில் இருக்கிறது. அதன் ஆக்டிவிட்டி மானிட்டரில், நான்கு கணினிகளில் "இணையத்தில் உள்ள கணினிகளுக்கு" அனுப்பியது என்ற வரியிலும் கணக்கு ஏறியிருக்கிறது. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் எங்கள் லைனில் அப்டேட் போகிறது என்றுதானே அர்த்தம்?

அணைத்துவிடலாமா? அணைத்தால் 18 கணினியும் தனித்தனியாக இறக்கி லைனை அடைத்துவிடாதா? பெற்றோர் ஒருவர் "பிள்ளையின் தகவல் வெளியே போகிறதா" என்றும் கேட்டுவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

—

ஈசூன்_பாக்கெட் பதில்:

பெற்றோருக்கான பதில் முதலில். பெயர், மதிப்பெண், பாடத்தாள் எதுவும் இதில் போகாது. இந்தச் சேவை பகிர்வது தன்னுடைய கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடக்கும் துண்டுகளை மட்டும்: விண்டோஸ் அப்டேட், ஸ்டோர் செயலிகள், எட்ஜ், ஆஃபீஸ், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு இவற்றின் துண்டுகள். உங்கள் ஃபோல்டர்களுக்குள் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

உள்ளே வரும் துண்டில் யாராவது விஷம் கலக்க முடியுமா என்றால், அதுவும் எளிதல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய ஹேஷ் (துண்டின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து பாதுகாப்பான இணைப்பில் தனியாக வந்துவிடும். அதோடு ஒத்துப்போகாத துண்டு குப்பைக்குப் போகும். கெட்ட துண்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கணினியை ஒதுக்கியும் விடும்.

வெளியே தெரிவது வேறு. இணைய முறையில், அதாவது இணையத்தில் உள்ள கணினிகளோடும் பகிரும் அமைப்பில் இருந்தால், எதிர்முனைக் கணினிக்கு உங்கள் நிலையத்தின் ஐபி முகவரி தெரியும். நீங்கள் எந்த அப்டேட்டின் துண்டைக் கேட்கிறீர்கள் என்பதும் தெரியும். அதாவது "இந்த முகவரியில் உள்ள கணினிக்கு இந்த மாதப் பாதுகாப்பு ஒட்டு இன்னும் ஏறவில்லை" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வது போல. பெரிய ஆபத்து இல்லை, ஆனால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சட்டம் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள், ஐபி முகவரி தனித்து நிற்கும்போது ஒரு கருவியைத்தான் அடையாளம் காட்டுகிறது, மற்றத் தகவல்களோடு சேர்ந்தால் ஆளையும் காட்டக்கூடும் என்கின்றன. 18 கணினிக்கும் பொதுவான ஒரு முகவரியை வைத்து ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது.

2015இல் விண்டோஸ் 10 வந்தபோது ஹோம், ப்ரோ இரண்டிலும் இணைய முறைதான் இயல்பாக இருந்தது. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உள்ளூர் நெட்வொர்க்கோடு நின்றது. அப்போது எழுந்த கூச்சல் நியாயமானதுதான். இப்போது உள்ளூர் நெட்வொர்க்தான் இயல்பு. உங்கள் நான்கு கணினியில் யாரோ மாற்றியிருக்க வேண்டும், அல்லது பழைய அமைப்பு அப்படியே தொடர்ந்து வந்திருக்க வேண்டும்.

—

ஜூரோங்_ரவுட்டர் பதில்:

ஒரேயடியாக அணைக்காதீர்கள். ப்ரோ கணினிகளில் குரூப் பாலிசி எடிட்டரை (விண்டோஸின் விதிகளை, அதாவது பாலிசிகளை, மாற்றும் கருவி) திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று போங்கள். "டவுன்லோட் மோட்" என்பதில் 0 என்றால் பகிர்வே இல்லை, சர்வரிலிருந்து மட்டும். 1 உள்ளூர் நெட்வொர்க். 2 குழு. 3 இணையம். 99 என்றால் மைக்ரோசாஃப்டின் ஒருங்கிணைப்புச் சேவையோடும் பேசாமல் நேரே இறக்கும். பழைய குறிப்புகளில் 100 என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் 11இல் அதைத் தொடாதீர்கள், கைவிடப்பட்டது, அப்டேட்டே சிக்கிக்கொள்ளும்.

உங்களுக்கு 2 பொருந்தும். முறை 1இல் ஒரே வெளி ஐபியில் உள்ளவர்களையெல்லாம் அது உள்ளூர்க்காரர் என்று எடுத்துக்கொள்ளும், மாணவர்களின் மடிக்கணினியும் அதில் சேர்ந்துவிடும். முறை 2இல் "குரூப் ஐடி" என்ற இடத்தில் ஒரே ஜியுஐடியை (நீளமான அடையாள எண்) 12 கணினியிலும் போட்டால் அவை தங்களுக்குள் மட்டும் கொடுத்து வாங்கும். ஆனால் அந்த ஐடி கடவுச்சொல் அல்ல. தெரிந்த எவரும் தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு வேலி என்று அதை நம்ப வேண்டாம்.

கூடவே, பின்னணியில் சர்வரிலிருந்து இறக்குவதைத் தாமதப்படுத்தும் பாலிசியில் 3600 நொடி கொடுங்கள். முதல் ஒரு மணி நேரம் அண்டைக் கணினியில் தேடிவிட்டுத்தான் வெளியே போகும். இது இல்லாவிட்டால் வேகமான ஃபைபரில் எல்லாக் கணினியும் நேராகச் சர்வருக்கே ஓடிவிடும், பகிர்வு பேருக்குத்தான் இருக்கும்.

—

பிடோக்_அலைவரிசை பதில்:

ஜூரோங் சொன்னது கேபிள் போட்ட அலுவலகத்துக்குச் சரி. கேள்வியில் "எல்லாமே வைஃபையில்" என்று இருக்கிறது. அங்கே இந்த யோசனை நிலைமையை மோசமாக்கும்.

வைஃபையில் ஒரு மடிக்கணினி இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது, அந்தத் தரவு முதலில் ஆக்செஸ் பாயிண்டுக்கு ஏறுகிறது, பிறகு அங்கிருந்து இறங்குகிறது. ஒரே தரவு காற்றில் இரண்டு முறை போகிறது. சர்வரிலிருந்து வந்தால் ஒரே முறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்டேட் 1 ஜிபி என்று வையுங்கள், வைஃபை உண்மையில் தருவது 300 எம்பிபிஎஸ். 18 கணினியும் தனித்தனியே சர்வரிலிருந்து எடுத்தால் காற்றில் 18 ஜிபி, சுமார் 8 நிமிடம். பகிர்வை முழுதாகப் பயன்படுத்தினால் சர்வரிலிருந்து 1 ஜிபி, மீதி 17 பிரதியும் இரண்டிரண்டு முறை, மொத்தம் 35 ஜிபி, 15 நிமிடத்துக்கும் மேல். இரண்டு ஆக்செஸ் பாயிண்ட் வேறு வேறு சேனலில் இருந்தால் இரண்டு நேரமும் குறையும், விகிதம் மாறாது. அதே 18 ஜிபியை 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் கொண்டுவர இரண்டரை நிமிடம்கூட ஆகாது. உங்கள் நிலையத்தில் நெரிசல் காற்றில்தான். லைன் சும்மா கிடக்கிறது!

மெல்லிய லைனுக்குப் பின்னால் நிறையக் கணினி இருக்கும் இடத்துக்காக உண்டான வசதி இது. நம் ஊரில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்.

என் யோசனை: முறை 0. அதோடு பின்னணி டவுன்லோடுக்கு வரம்பு. இதில் மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுவார்கள்.

பாலிசியில் அலகு நொடிக்குக் கிலோபைட். செட்டிங்ஸ் திரையில் எம்பிபிஎஸ். 10 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் பாலிசியில் 1250 என்று போட வேண்டும். 10 என்று போட்டால் அப்டேட் நாள்கணக்கில் நகரும்.

விழுக்காட்டு வரம்பு வேண்டாம். ஒவ்வொரு கணினியும் தனக்குத்தானே அளந்துகொள்ளும், பக்கத்துக் கணினி என்ன எடுக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆளுக்குப் பத்து விழுக்காடு என்றால் பதினெட்டுக்கும் சேர்த்து நூற்றெண்பது. கணினிக்கு 10 எம்பிபிஎஸ் என்று திட்டமாகக் கொடுத்தால் மொத்தம் 180, வகுப்புக்கு மிச்சம் இருக்கும்.

மூன்றாவது, "மேக்ஸ் அப்லோட் பேண்ட்விட்த்" பாலிசி. விண்டோஸ் 10இன் 2004 பதிப்போடு அது கைவிடப்பட்டது. இன்னும் பல வழிகாட்டிகளில் இருக்கிறது. போட்டுவிட்டு, அப்லோட் குறையவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

—

ஜூரோங்_ரவுட்டர்:

ஏற்கிறேன், வைஃபையைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஸ்விட்சில் கேபிள் வழி இணைந்த கணினிகள் இருந்தால் மட்டும் முறை 2. இல்லாவிட்டால் 0.

இன்னொன்று: சர்வீசஸ் பட்டியலில் போய் டெலிவரி ஆப்டிமைசேஷன் சேவையையே நிறுத்திவிடாதீர்கள். சர்வரிலிருந்து இறக்கும் வேலையையும் அதுதான் செய்கிறது. முறை 0 போட்ட பிறகும் டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் தெரியும், அது கோளாறு அல்ல.

—

தேக்கா_பாடசாலை:

மிக்க நன்றி. ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் இல்லையே? மாணவர்களின் மடிக்கணினியை நாங்கள் தொட முடியாது, அதற்கு என்ன வழி?

—

ஈசூன்_பாக்கெட்:

ஹோமில் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன். மற்றக் கணினிகளிலிருந்து இறக்க அனுமதிக்கும் பொத்தானை அணையுங்கள். அதே பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் "அப்சல்யூட் பேண்ட்விட்த்" தேர்ந்து பின்னணிக்கு 10 எம்பிபிஎஸ். ஆறு கணினிதானே, ஒருமுறை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அங்கேயே மாத அப்லோட் வரம்பு ஒன்று 500 ஜிபி வரை போகும் ஸ்லைடராக இருக்கும். பகிர்வை அணைத்தபின் அதற்கு வேலை இல்லை. 500 ஜிபியை மாதம் முழுக்கப் பரப்பினால் ஒன்றரை எம்பிபிஎஸ்தான் வரும், பார்க்கச் சாது. ஆனால் அது சீராகப் போகாது, நீங்கள் வகுப்பு எடுக்கும் நேரத்தில் கொத்தாகப் போகும்.

மாணவர்களுக்குத் தனி வைஃபை பெயர், கெஸ்ட் நெட்வொர்க்காக. அதில் கிளையண்ட் ஐசொலேஷனைப் போட்டுவிட்டால் அவர்கள் கணினிகள் ஒன்றையொன்று பார்க்காது. யாராவது இணைய முறையில் இருந்தால் வெளியே போவதை ரவுட்டரில் தடுக்கலாம்: டிசிபி 7680 கணினிகள் நேரடியாகப் பேசும் வாசல், யுடிபி 3544 ரவுட்டரைத் தாண்டிப் பேச டெரெடோ என்ற நுட்பம் பயன்படுத்தும் வாசல். இரண்டையும் வெளிப்பக்கம் மூடினால் அப்டேட் நிற்காது, சர்வரிலிருந்து வழக்கம்போல் 443, 80 வாசல்கள் வழியே வரும். உங்கள் சொந்த ரவுட்டரில் மூடினால் போதும், ஆனால் நிறுவன ரவுட்டரின் வைஃபையும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அதில் யாராவது சேர்ந்தால் உங்கள் விதி எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது.

—

வாடகை_அறை_தோ_பாயோ:

இடையில் ஒரு கேள்வி. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகை அறை, வீட்டுக்காரர் வைஃபை. சில நாள் கைப்பேசி ஹாட்ஸ்பாட். நான் என்ன வைக்கலாம்?

—

பிடோக்_அலைவரிசை:

ஹாட்ஸ்பாட்டுக்கு வரம்புள்ள இணைப்பு என்று குறித்துவிடுங்கள்: செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அந்த ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ், "மீட்டர்டு கனெக்ஷன்". அப்படிக் குறித்த இணைப்பில் பகிர்வு நடக்காது. இது ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் மறுபடி குறிக்க வேண்டும்.

வீட்டு வைஃபையில் பகிர்வை அணைத்துவிடுவதே எளிது. ஒரு மடிக்கணினிக்கு அதில் பெரிய இலாபம் ஒன்றுமில்லை. விளையாட்டு இறக்குபவராக இருந்தால் கவனம்: எக்ஸ்பாக்ஸ் செயலியும் இதே சேவை வழியாகத்தான் இறக்கும், நீங்கள் போடும் முன்னணி வரம்பு (நீங்களே தொடங்கும் டவுன்லோடுக்கான வேக வரம்பு) அதையும் பிடித்து இழுக்கும். ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலி தன் வழியில் போகும். 2023இல் வந்த உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றம் அதன் சொந்த செட்டிங்ஸில், டவுன்லோட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தனியாகத்தான் அணைக்க வேண்டும்.

—

ஈசூன்_பாக்கெட்:

தேக்காவுக்கு: மாற்றிய கையோடு ஆக்டிவிட்டி மானிட்டரைப் பார்த்து, பழைய எண் அப்படியே இருக்கிறதே என்று பதற வேண்டாம். அது மாதத் தொடக்கத்திலிருந்து கூட்டிய கணக்கு, பாதியில் பூஜ்ஜியமாகாது. இப்போதைய அப்லோட் எண்ணைக் குறித்து வையுங்கள், அடுத்த அப்டேட் நாளுக்குப் பிறகு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த நாள் எது என்பதிலும் ஒரு சிறு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் காலை வெளியாவது இங்கே புதன் விடியற்காலை 1 மணிக்கு வரும், அங்கே கோடைநேரம் முடிந்தபின் 2 மணிக்கு. ஆனால் அது எப்போதும் இரண்டாவது புதன் அல்ல. மாதம் புதன்கிழமை பிறந்தால் இரண்டாவது செவ்வாய் 14ஆம் தேதி; உங்களுக்கு அப்டேட் வருவது 15, அதாவது மூன்றாவது புதன். செவ்வாய் இரவு மடிக்கணினிகளைச் சார்ஜரில் போட்டு, மூடியைத் திறந்து, ஸ்லீப் ஆகாதபடி விட்டுப் போனால், முதல் வகுப்பு தொடங்குமுன் பெரும்பகுதி இறங்கி முடிந்திருக்கும்.