12 நாள் நாயை விட்டுட்டுப் போக வேணும். யாழ்ப்பாணத்தில இடம் பாக்கேக்க என்னத்தைப் பாக்கிறது?

கோண்டாவில்_கறுப்பி:
வணக்கம். லாப்ரடோர், பெட்டை, 3 வயசு, 29 கிலோ. கருத்தடை செய்யேல்லை. ஆவணியில வீட்டில எல்லாரும் 12 நாள் இந்தியா போறம். பகலில சோறு வைக்கப் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறா, இரவில நிக்கத்தான் ஆள் இல்லை.

ரெண்டு இடம் விசாரிச்சம். ஒண்டில "கொண்டந்து விடுங்கோ, நாங்கள் பாப்பம்" எண்டு கதை முடிஞ்சுது. அங்க நிக்கிற 12 நாளுக்குள்ள லீஷ் இழுக்கிறது, ஆக்களில பாயிறது எல்லாத்தையும் நிப்பாட்டித் தருவினமாம். மற்ற இடத்தில ஊசி அட்டை, எடை, என்ன சாப்பிடுது, கடைசி ஹீட் (பெட்டை இணைசேருற பருவம்) எப்ப எண்டு பத்துக் கேள்வி. முதல் ஒருநாள் கொண்டந்து காட்டவும் சொல்லுகினம். வீட்டில எல்லாருக்கும் முதல் இடம்தான் பிடிச்சிருக்கு. என்ன சொல்றியள்?

நாலுகால்:
ஊசி அட்டை கேக்காத இடம், அடுத்த கூட்டில நிக்கிற நாய்க்கும் கேட்டிருக்காது. அதை வீட்டில சொல்லுங்கோ.

ஹீட் கேட்டதும் சும்மா இல்லை. பெட்டைக்கு ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரும், வந்தா மூண்டு கிழமை நிக்கும். கடைசியா மாசியில வந்திருந்தா நீங்கள் போற நேரம்தான் திரும்பவும் வரும். அதுக்குத் தனிக் கூடும் தனி முற்றமும் இல்லாத இடத்தில விட்டா, திரும்பி வரேக்க வயித்தில குட்டியோடதான் வரும்.

இடத்தைப் பாக்கப் போறதெண்டா காலமை போகாதேங்கோ. காலமை எல்லா இடமும் கழுவித் துடைச்சு வடிவாத்தான் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போங்கோ. கூட்டுக்குள்ள குனிஞ்சு, நாயின்ர முகம் இருக்கிற உயரத்தில அஞ்சு நிமிசம் இருந்து பாருங்கோ. தகரமோ அஸ்பெஸ்டஸோ ஏழடி உயரத்தில, கீழ சீலிங்கும் இல்லாமல் இருந்தா, அந்த நேரம் உங்களுக்கே இருக்க ஏலாது. மேல கிடுகு பரப்பி, ரெண்டு பக்கமும் காத்துப் போக விட்டிருந்தா அது விசயம் தெரிஞ்ச ஆள் கட்டினது. நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளிய விடும். காத்தில ஈரம் கூடினா அதுவும் சரிவராது. சாதாரண உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 பாகை வரை. 41 தாண்டினா உயிராபத்து. "நாய் சூட்டில விழுந்தா என்ன செய்வியள்?" எண்டு கேளுங்கோ. முதல் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி ஃபானைப் போட்டு, பிறகுதான் வாகனத்தில ஏத்துவம் எண்டா சரி. ஈரத் துவாயால மூடி வைப்பம் எண்டா பிழை. துவாய் சூடாகி, சூட்டை வெளிய விடாது.

லாப்ரடோருக்குக் கூடு குறைஞ்சது 4 அடி அகலம், 6 அடி நீளம். காலை நீட்டிப் படுக்க வேணும், மூத்திரம் போற மூலையும் படுக்கிற மூலையும் வேற வேறயா இருக்க வேணும். ரெண்டு கூட்டுக்கு இடையில நாலடிக்காவது கட்டின சுவர் வேணும். வெறும் கம்பிவலை எண்டா மூக்கோட மூக்கு முட்டி, ஒண்டின்ர இருமல் நாலு நாளில எல்லாத்துக்கும் போயிடும். கேற் ரெண்டு இருக்க வேணும், ஒண்டைப் பூட்டின பிறகுதான் மற்றதைத் திறக்கிற மாதிரி. கிடுகு வேலி, பனையோலை வேலி எல்லாம் வெடிச் சத்தத்துக்கு வெருண்ட நாய்க்கு ஒரு நிமிச வேலை. ஆவணியில கோயில் வெடிக்குக் குறைவில்லைத்தானே.

பினைல் மணம் மூக்கைத் துளைக்குதெண்டு சுத்தமான இடம் எண்டு நினையாதேங்கோ. பார்வோ எண்டது குட்டியளுக்குக் கடும் வயித்தோட்டம் வரவைக்கிற வைரஸ், அதுக்குப் பினைலும் ஒண்டும் செய்யாது, தெத்தோலும் ஒண்டும் செய்யாது. முதல் பீயையும் ஊத்தையையும் கழுவி எடுத்துப் போட்டு, 5 வீத பிளீச்சில ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி (ஒரு லீற்றருக்கு 35 மில்லி அளவு) கலந்து ஊத்தி, பத்து நிமிசம் ஈரமா விட வேணும். சீமெந்து நிலத்துக்கு இது சரி. செம்மண் முற்றத்தைப் பிளீச் போட்டுத் துப்புரவாக்க ஏலாது, அதுக்குள்ள பார்வோ மாசக்கணக்கில கிடக்கும். அதாலதான் குட்டியளை மண் முற்றத்தில ஒண்டா விடுற இடத்துக்கு நான் ஆரையும் அனுப்பிறதில்லை.

இரவில ஆர் படுக்கிறது எண்டும் கேளுங்கோ. "சிசிடிவி இருக்கு" எண்டது அதுக்கு மறுமொழி இல்லை.

மருந்துப்பெட்டி:
ஊசி விசயத்தில இங்க அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று. சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுவது விசர்நாய் ஊசி மட்டும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பார்கள். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெப்படைட்டிஸ், லெப்டோ எல்லாம் சேர்ந்த ஊசி வேறு. அதை மிருக வைத்தியரிடம் போட்டு, அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். வயது வந்த நாய்க்கும் லெப்டோ வருடத்துக்கு ஒருமுறை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியது ஞாபகம் இருக்கும். அதே கிருமிதான், எலியின் மூத்திரத்தால் வருவது. ஆகவே நாய்ச் சாப்பாட்டு மூட்டையை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். வாய் திறந்த சாக்கு நிலத்தில் கிடந்தால் இரவில் எலி வரும்.

பூஸ்டர் போட வேண்டுமென்றால் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் போடுங்கள். முதல் நாள் போட்ட ஊசி அந்தப் பயணத்துக்கு உதவாது.

உங்கள் நாயின் வயதுக்குப் பார்வோவை விட நான் பயப்படுவது உண்ணிக்கு. இங்குள்ள பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பெருகும் சாதி. இரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் ஏறி வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். கூட்டைப் பார்க்கப் போனால் போன் டோர்ச்சை அடித்து, சுவரும் கூரையும் சந்திக்கிற மூலையையும் கதவு நிலையின் பின்பக்கத்தையும் பாருங்கள். கடலைப்பருப்பு அளவில் சாம்பல் நிற உருண்டைகள் தெரிந்தால் கதைக்காமல் திரும்பி வாருங்கள்.

கோண்டாவில்_கறுப்பி:
நன்றி அண்ணை. உண்ணிக்குக் குளிசை குடுக்கிறதெண்டா எப்ப குடுக்கிறது? பழக்கிற விசயத்துக்கும் ஆராவது சொல்லுங்கோ, வீட்டில அதுக்காகத்தான் முதல் இடத்தில நிக்கினம்.

மருந்துப்பெட்டி:
கொண்டுபோய் விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர், சாப்பாட்டோடு. 29 கிலோவுக்கு பிராவெக்டோ என்றால் 20 முதல் 40 கிலோ வரைக்கான 1000 மில்லிகிராம் குளிசை, 12 கிழமைக்கு நிற்கும். முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஒன்று: உண்ணி கடித்த பிறகுதான் குளிசை அதைக் கொல்லும். உண்ணி பரப்பும் காய்ச்சல் கிருமி அதற்கு முன்னரே, சில மணித்தியாலத்திலேயே, நாய்க்குள் இறங்கிவிடலாம். குளிசை கொடுத்தாயிற்று என்று உண்ணி உள்ள கூட்டில் விடக்கூடாது.

சங்கிலி_வேண்டாம்:
பழக்கத்துக்கு வாறன். புது இடத்தில முதல் மூண்டு நாலு நாள் கன நாய்கள் சரியாத் தின்னாது, நித்திரையும் கொள்ளாது. அந்த நிலையில எதையும் படிக்காது. மிச்சம் எட்டு நாள். அதுக்குள்ள பாயிறது நிண்டிட்டுது எண்டா, ஒண்டில் அங்க பாயிறதுக்கு ஆள் இல்லை, இல்லாட்டி அடிச்சிருக்கினம்.

பாயிறது உங்கட கேற்றடியில நடக்கிற வேலை. ஒராள் வீட்டுக்குள்ள வரேக்க நாய் பாஞ்சா, அவர் திரும்பி நிக்க வேணும், பேச்சும் இல்லை, தொடுறதும் இல்லை. நாலு காலும் நிலத்தில பட்ட செக்கனில தடவோணும். இதை வீட்டில அஞ்சு பேரும் செய்ய வேணும். ஒராள் மட்டும் "என்ர குஞ்சு" எண்டு பாயவிட்டுக் கொஞ்சினா மற்ற நாலு பேரின்ர வேலையும் வீண். லீஷும் அப்பிடித்தான்: இறுகினா நிக்கிறது, தளர்ந்தா நடக்கிறது. நெஞ்சுப் பக்கம் வளையம் இருக்கிற ஹார்னஸ் போட்டா இழுவை உடனையே குறையும். அஞ்சு நிமிசம், ஒரு நாளைக்கு மூண்டு தரம். அவிச்ச கோழி இறைச்சி பயத்தங்கொட்டை அளவில கிள்ளிக் குடுத்தாக் காணும். பெரிய துண்டெண்டா பத்துத் தரத்தில வயிறு நிரம்பிப் படுத்திடும்.

சொல்லையும் கவனியுங்கோ. பழக்கிற ஆள் "சிட்" எண்டுவார், அம்மம்மா "இரு" எண்டுவா, அப்பா "இரடி" எண்டுவார். நாய்க்கு அது மூண்டும் மூண்டு சத்தம். எந்தச் சொல் எண்டு முதலே எழுதிக் குடுங்கோ. நல்ல பயிற்சியாளர் எண்டா தானே அதைக் கேப்பார், வீட்டாருக்கும் ரெண்டு மூண்டு தரம் வகுப்பு எடுப்பார்.

எப்பிடிப் பழக்கிறியள் எண்டு கேட்டா எல்லாரும் "அன்பா" எண்டுதான் சொல்லுவினம். "நாய் பிழை விட்டா என்ன செய்வியள்?" எண்டு கேளுங்கோ. இறுகிற சங்கிலி, முள்ளுப் பட்டி, கரண்ட் பட்டி எண்ட கதை வந்தா எழும்புங்கோ. அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர் சங்கம் 2021 இல வெளியிட்ட நிலைப்பாட்டில, கடிக்கிற நாய்க்கும் சேர்த்து வெகுமதி முறையைத்தான் பரிந்துரைக்குது. "நாங்கள்தான் கூட்டத் தலைவன் எண்டு காட்ட வேணும்" எண்டு ஓநாய்க் கதை சொல்றவையும் இருக்கினம். அந்தக் கருத்தைப் பரப்பின ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில கூட்டம் எண்டது தாய் தகப்பனும் பிள்ளையளும்தான் எண்டு 1999 இலயே எழுதித் திருத்தினவர். இங்க இன்னும் செய்தி வந்து சேரேல்லைப் போல.

பழக்கிக் காட்டச் சொல்லிப் பாக்கேக்க ஆளைப் பாக்காதேங்கோ, நாயைப் பாருங்கோ. வால் காலுக்கிடையில, காது பின்னுக்கு, சும்மா சும்மா உதட்டை நக்கிறது, கொட்டாவி, கண்ணின்ர ஓரத்தில வெள்ளை தெரியிறது, எல்லாம் பயம். அசையாமல் இருக்கிற நாயைக் கண்டு "என்ன ஒழுக்கம்" எண்டு ஏமாறுற இடம் இதுதான்.

நாலுகால்:
ரெண்டாவது இடம் எண்டு முடிவெடுத்தா, கேட்ட மாதிரி ஒருநாள் கொண்டுபோய்க் காட்டி, பிறகு ஒரு இரவும் விட்டுப் பாருங்கோ. 12 நாளுக்குரிய அதே சாப்பாட்டைப் பொதி பொதியா நிறுத்துக் குடுங்கோ. திடீரெண்டு மாத்தினா வயித்தாலை போகும், அது நோயோ சாப்பாடோ எண்டு ஆருக்கும் விளங்காது. கோழி எலும்பு குடுக்க வேண்டாம் எண்டு எழுத்தில போடுங்கோ. வருத்தம் வந்தா எந்த வைத்தியர், எவ்வளவு காசு வரைக்கும் உங்களைக் கேக்காமல் செலவழிக்கலாம், நீங்கள் இந்தியாவில நிக்கேக்க இங்க முடிவெடுக்கிற ஆள் ஆர், மூண்டையும் ஒரே தாளில எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து.

விடுற அண்டும் எடுக்கிற அண்டும் அவையின்ர தராசில நிறுங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா யோசிக்காதேங்கோ. மூண்டு கிலோ எண்டா கேள்வி கேளுங்கோ.

மருந்துப்பெட்டி:
எடுத்த அன்றே காதுக்குள், விரலிடுக்கில், பட்டியின் கீழ், வாலடியில் உண்ணி பாருங்கள். இருமல் இரண்டு கிழமைக்குள் வரலாம், உண்ணிக் காய்ச்சல் மூன்று கிழமை வரை பிந்தும். சாப்பாட்டை மறுத்தால் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, மூத்திரம் தேயிலைச் சாய நிறத்தில் போனாலோ அன்றே இரத்தப் பரிசோதனை. நாயை விட்ட திகதியையும் எடுத்த திகதியையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.