கோடை முகாம் ரத்தானது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

தாம்பரம் அம்மா | 28 மே 2020

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் மே 4 முதல் 13 வரை நடக்கவிருந்த பத்து நாள் கோடை முகாமில் என் பிள்ளைகள் இருவரையும் சேர்ப்பதற்காகப் பிப்ரவரி 10 அன்றே முழுக் கட்டணத்தையும் கிரெடிட் கார்டு மூலம் செலுத்திவிட்டேன். ஒரு பிள்ளைக்கு 18,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இருவருக்கும் சேர்த்து 43,660 ரூபாய். முன்கூட்டிக் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். அந்தச் சலுகைக்குப் பிறகு வந்த தொகைதான் இது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. மஞ்சள் டி-ஷர்ட், தொப்பி, தண்ணீர்ப் புட்டி, தோள்பை என ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகுப்பு. மார்ச் 17 முதல் தமிழக அரசு பள்ளிகளை மூடியது. 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 20 அன்று முகாம் நடத்துவோரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அரசு உத்தரவின் காரணமாக முகாம் ரத்து செய்யப்படுவதாகவும், பணம் திருப்பித் தர இயலாது என்றும், அதே மதிப்புக்கு ஒரு வரவுச் சீட்டு தருவதாகவும், அதை 2021 கோடை முகாமில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு அதில்தான் சிக்கல். முகாமின் வயது வரம்பு 8 முதல் 14 வரை. பெரியவனுக்கு வரும் டிசம்பரில் 15 முடிகிறது. அடுத்த கோடையில் அவர்களே அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, விண்ணப்பத்தில் நான் கையொப்பமிட்ட வரியை வாசித்துக் காட்டினார்கள்: 'ஒருமுறை செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.' ஜிஎஸ்டி அரசுக்குப் போய்விட்டது, அதைத் திரும்ப எடுக்கவே முடியாது என்றும் சொன்னார்கள். ஏப்ரல் முதல் என் கணவருக்குப் பாதிச் சம்பளம்தான் வருகிறது. அதனால் இந்தத் தொகையை விட்டுவிடும் நிலையில் நாங்கள் இல்லை. அந்த ஒரு வரி என் உரிமையை முற்றிலும் அடைத்துவிடுகிறதா? விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மடிப்பாக்கம் அப்பா | 28 மே 2020

வரவுச் சீட்டுக்கு 'நன்றி, பெற்றுக்கொண்டேன்' என்று மரியாதைக்காகக்கூடப் பதில் அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் கிரிக்கெட் பயிற்சிக் கட்டணத்தில் அதுதான் நடந்தது. 'சரி, பார்க்கலாம்' என்று நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு சொற்களை, நான் சம்மதித்ததற்கு ஆதாரமாகப் பின்னால் எடுத்துக் காட்டினார்கள். ஏற்கவில்லை என்பதை இன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். கார்டில் கட்டியிருப்பதால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமும் முறையிடலாம்; அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப் போடாதீர்கள்.

மலை முகாம்காரர் | 30 மே 2020

நான் மறுபக்கத்தில் இருப்பவன். கொடைக்கானல் பக்கம் எட்டு ஆண்டுகளாகச் சிறிய அளவில் முகாம் நடத்துகிறேன். இங்கே பேசப்படும் நிறுவனத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. எங்கள் தரப்பில் பணம் எப்படிப் போகிறது என்பதைச் சொன்னால், நீங்கள் எதைக் கேட்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மே மாதத்தில் மலையில் நல்ல இடம் வேண்டுமென்றால் ஜனவரியிலேயே எஸ்டேட்காரருக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். டி-ஷர்ட், பை போன்றவை பிப்ரவரியில் அச்சுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு டிசம்பரிலேயே முடிந்துவிடும். இவை மூன்றும் எங்களைப் பொறுத்தவரை போன பணம்தான். ஆனால் ஒரு முகாமின் பெருஞ்செலவு அதில் இல்லை. பேருந்து, மளிகை, காய்கறி, சமையற்காரர் சம்பளம், பயிற்சியாளர்களுக்கான நாள் கூலி, மருத்துவ உதவியாளர், மலையேற்ற வழிகாட்டி ஆகிய எல்லாமே முகாம் தொடங்கும் வாரத்திலோ முடிந்த பிறகோ கொடுப்பவை. முகாமே நடக்காதபோது அந்தப் பணம் செலவாவதற்கு வழியில்லை. ஆகவே 'முழுவதும் செலவாகிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், இந்தத் தொழிலில் இருக்கும் நானே அதை நம்பமாட்டேன்.

பின் ஏன் திருப்பித் தரத் தயங்குகிறார்கள் என்றால், பலர் இந்தக் கோடையின் வரவை வைத்துப் போன ஆண்டின் கடனை அடைத்திருப்பார்கள் என்பதே உண்மை. அது அவர்களுடைய நிர்வாகக் குறை. அதைப் பெற்றோர் தலையில் கட்டுவது முறையல்ல. நான் எங்கள் பெற்றோருக்குக் கணக்கை அனுப்பி, தொகுப்புக்கும் இடத்துக்கான முன்பணத்துக்கும் உரிய பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை மூன்று தவணையில் தருகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் கணக்கைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். கணக்கையே காட்டாதவரிடம்தான் சண்டை வருகிறது. நீங்களும் முதலில் செலவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | 2 ஜூன் 2020

அம்மா, நீங்கள் கையொப்பமிட்ட வரியை நிதானமாகப் பார்ப்போம். பிள்ளைக்கு உடல்நலமில்லை, ஊருக்குப் போகிறோம், மனம் மாறிவிட்டது என்று பெற்றோர் தாமாக விலகினால் பணம் கேட்கக் கூடாது என்பதுதான் இத்தகைய நிபந்தனையின் நோக்கம். முகாம் நடத்துபவரே முகாமை நடத்தாமல் விட்டுவிட்டு அதே வரியைக் காட்டுவது வேறு விஷயம். 'எக்காரணம் கொண்டும்' என்ற சொல் அதையும் உள்ளடக்கும் என்று அவர்கள் வாதிடலாம். எதையும் தராமலே முழுக் கட்டணத்தையும் வைத்துக்கொள்ள அது அனுமதி என்று எந்த மன்றமும் எளிதில் படிக்காது என்பது என் கருத்து.

சட்டத்தின் நிலை இது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு அதன்படி செய்ய வேண்டிய காரியம் இயலாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடுகிறது. மே 4 அன்று ஏற்காட்டில் பிள்ளைகளைக் கூட்டி வைப்பது அரசு உத்தரவுக்கு முரணானது என்பதில் ஐயமில்லை. அடுத்து 65-ஆவது பிரிவு வருகிறது: ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதன் மூலம் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டவர். அந்தப் பிரிவின் கீழேயே சட்டம் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. கச்சேரியில் பாடுவதற்கு ஒருவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்குகிறார். உடல்நலக் குறைவால் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் ஏற்பாட்டாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்துக்குப் பாடகர் பொறுப்பல்ல, ஆனால் அந்த ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். பாடகரிடம் குற்றம் ஏதுமில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றமில்லாதவரும் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் இதன் சாரம். ஆகவே 'எங்கள் தவறா?' என்று அவர்கள் கேட்டால், 'இல்லை, ஆனாலும் பணம் என்னுடையது' என்று பதில் சொல்ல உங்களுக்கு இடமிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இயற்கைச் சீற்றம், தொற்றுநோய், அரசு உத்தரவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அப்போது என்ன செய்வது என்று தனி ஷரத்து இருந்தால், 56-ஆவது பிரிவுக்குப் போகும் முன் அந்த ஷரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சொன்ன ஒற்றை வரி மட்டுமே இருக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகாம் ரத்தாகவில்லை, தள்ளித்தான் போகிறது என்றும் சொல்லக்கூடும். தேதி குறித்து, பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டு, வயது வரம்பு வைத்து விற்கப்பட்ட ஒன்றை, வயது தாண்டிய பிறகு தருவேன் என்பது தள்ளிப்போடுவதாகாது.

நடைமுறையில், முதலில் பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள்; பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000-இல் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமில்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலாவதியாகிவிடுமோ என்று பதற வேண்டாம். மனுத் தாக்கல் காலவரம்புகளை மார்ச் 15 முதல் நீட்டித்து உச்ச நீதிமன்றம் மார்ச் 23 அன்றே உத்தரவிட்டிருக்கிறது.

கணக்கர் | 3 ஜூன் 2020

ஜிஎஸ்டி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சாக்கை மூன்று மாதமாகப் பல இடங்களில் கேட்டுச் சலித்துவிட்டேன். வரி அரசுக்குப் போய்விட்டால் திரும்பாது என்பது தவறு. ஏப்ரல் 13 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 137-ஆம் எண் சுற்றறிக்கையில் இதே நிலைமைக்கு விளக்கம் தந்துவிட்டது. முன்பணம் வாங்கி விலைப்பட்டியல் கொடுத்திருந்து, பின்னர் சேவை ரத்தானால், ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின் கீழ் கிரெடிட் நோட் (விலைப்பட்டியல் தொகையைக் குறைத்துக் காட்டும் வரிச் சீட்டு; அவர்கள் தந்த வரவுச் சீட்டு வேறு) போட்டு வரியைச் சரிக்கட்டலாம். முன்பணம் பெற்றதற்கான ரசீது வவுச்சர் மட்டும் கொடுத்திருந்தால், அதைத் திருப்பித் தந்ததற்கான ரீஃபண்ட் வவுச்சர் போட வேண்டும். சரிக்கட்ட வேறு வரி நிலுவை இல்லையென்றால் அரசிடமே திரும்பக் கோரலாம்.

உங்கள் கட்டணம் 2019-20 நிதியாண்டில் செலுத்தியது. கிரெடிட் நோட்டைச் செப்டம்பர் மாதக் கணக்குக்குள் காட்டியாக வேண்டும். அதன் பிறகு உண்மையாகவே அவர்களுக்கு வரி நட்டமாகும். இந்தத் தேதியை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். அவர்களுடைய ஆடிட்டர் படித்தவுடன் புரிந்துகொள்வார்.

நியூ ஜெர்சி | 14 ஜூன் 2020

இங்கே தங்கும் முகாம்களுக்கு இந்தக் கோடையில் அனுமதி இல்லை. பகல் முகாம்கள் மட்டும் ஜூலை 6 முதல் நடக்கலாம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. என் மகள் சேர்ந்திருந்த தங்கும் முகாம், முழுப் பணமும் திரும்ப வேண்டுமா, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளட்டுமா, நன்கொடையாகத் தருகிறீர்களா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. நான் பாதியை நன்கொடையாக விட்டேன். தேர்வு நம் கையில் இருக்கும்போது விட்டுக்கொடுக்க மனம் வருகிறது; வரவுச் சீட்டைத் திணித்திருந்தால் கடைசி டாலர் வரை கேட்டிருப்பேன்.

தாம்பரம் அம்மா | 26 செப்டம்பர் 2020

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், ஜூன் 19 முதல் எங்கள் பக்கம் மீண்டும் முழு ஊரடங்கு வந்ததில் கடிதம் போய்ச் சேரவே நாளாயிற்று.

விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தொற்றுநோய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தில் பாடகரின் எடுத்துக்காட்டையும் சுற்றறிக்கையின் எண்ணையும் குறிப்பிட்டு, செலவுக் கணக்கைக் கேட்டிருந்தேன். முதல் பதிலில் பாதித் தொகை தருவதாகச் சொன்னார்கள். கணக்கு எங்கே என்று மறுபடி எழுதியபோது, இதுவரை பேசாத ஒருவர், அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து, அழைத்தார். தொகுப்புக்குப் பிள்ளைக்கு 1,200 ரூபாய் என்று பில் காட்டினார். அதை நான் ஒப்புக்கொண்டேன், பொருள்கள் எங்களிடம்தானே இருக்கின்றன. எஸ்டேட் முன்பணத்தில் திரும்பாத பகுதிக்குப் பிள்ளைக்கு 1,500 ரூபாய் கேட்டார். சட்டப்படி கொடுத்தாக வேண்டுமா என்று தெரியவில்லை. எஸ்டேட்காரரின் கடிதத்தைக் காட்டியதால் அதையும் விட்டுக்கொடுத்தேன். ஆக 5,400 ரூபாயும் அதற்கான வரி 972 ரூபாயும் போக, 37,288 ரூபாய். ஆகஸ்டில் பாதியும் போன வாரம் பாதியும் கணக்கில் வந்துவிட்டன. கிரெடிட் நோட்டும் அனுப்பிவிட்டார்கள்.

சின்னவன் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டிருக்கிறான். பெரியவன் தன் சட்டையைப் பிரிக்கவே இல்லை.

வேளச்சேரி வாசகர் | 9 அக்டோபர் 2020

இதே போன்ற கேள்விதான், ஆனால் எங்கள் நிலைமை சற்று வேறு. மார்ச் 1 முதல் மே 31 வரை நீச்சல் பயிற்சிக்கு 6,000 ரூபாய் கட்டினோம். மகள் மார்ச் 16 வரை போனாள். மறுநாள் குளத்தை மூடிவிட்டார்கள். 'பாதி வகுப்பு நடந்துவிட்டதால் எதுவும் தர முடியாது' என்கிறார்கள். இதற்கும் அந்தப் பிரிவுகள் பொருந்துமா?

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | 10 அக்டோபர் 2020

பொருந்தும், ஆனால் நடந்த வகுப்புகளுக்கு உரியதை நீங்கள் கேட்க முடியாது. 92 நாள்களில் 16 நாள் போயிருக்கிறது. அது பாதியில்லை, ஆறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். நாள் கணக்கில் ஏறத்தாழ 1,043 ரூபாய் அவர்களுடையது, 4,957 ரூபாய் உங்களுடையது. வகுப்பு வாரத்தில் சில நாள்கள் மட்டுமே என்றால் நாள்களை விட்டுவிட்டு வகுப்புகளை எண்ணுங்கள். வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூலை 20 முதல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அவர்களுடைய அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.