புதுப்பிப்பு: எங்கள் குடியிருப்பு வாகன நிறுத்தத்தின் தார்த்தளம்

சென்னையில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தார்த்தளம் முதலைத்தோல் போல வெடித்திருக்கிறது, மேலே ஒரு பூச்சு அடித்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

போதாது. வெடித்த இடத்தை வெட்டியெடுத்தபோது அடியில் ஜல்லியோடு சேறும் சேர்ந்தே வந்தது. மொட்டைமாடிக் குழாயின் மழைநீர் நேராக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. அடித்தளம் ஊறி இளகிவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது. ஆகவே முதலில் குழாயை வடிகாலுக்குத் திருப்பினோம். பிறகு ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, ஈரம் காய்ந்தபின் புது ஜல்லி கொட்டி இறுக்கி, அடியிலும் பக்கங்களிலும் தார்க்குழம்பு தடவி, சூடான தார்க்கலவையைப் பரப்பி ரோலர் ஓட்டினார்கள். பக்கங்களில் தடவாமல் விட்டால் இணைப்பு வழியாகவே தண்ணீர் மறுபடி இறங்கும். தயவுசெய்து இந்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்துச் செய்ய வையுங்கள்.

தனித்தனியான மெல்லிய விரிசல்களுக்கு வெட்டு வேண்டாம். புல்லைப் பிடுங்கி, மண்ணை ஊதிவிட்டு, காய்ந்த நாளில் தார் ஊற்றி நிரப்பினால் போதும்.

பைக் வரிசையில் எண்ணெய் சொட்டிச் சொட்டித் தளம் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. எண்ணெய் தாரைக் கரைக்கும், கண்டவுடன் துடையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு, எங்கே தேங்குகிறது என்று பார்க்கப்போகிறோம்.