அமிலம் கூடிய நீரைத் தாங்கிய சிப்பியின் குஞ்சுகள் அதைத் தாங்குமா?

கேள்வி: உயிரியல் ஆசிரியை, குடியாத்தம்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி ஒரு செய்திக் கட்டுரையை எடுத்து வந்தாள். கரியமில வாயு மிகுந்த கடல்நீரில் வைக்கப்பட்ட சிப்பிகளின் குஞ்சுகள், சாதாரண நீரில் வைக்கப்பட்டவற்றின் குஞ்சுகளைவிட அந்த நீரில் நன்றாக வளர்ந்தன என்று அதில் இருந்தது. "அப்படியானால் லாமார்க் சொன்னதுதானே சரி?" என்று, அதாவது வாழ்நாளில் பெறும் பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்லும் என்ற அவரது பழைய கருத்தை வைத்து, அவள் கேட்டதற்கு, விரிவாகப் பேசுவதற்குப் போதுமான விவரம் என்னிடம் இல்லை. இந்தத் தாங்குதிறன் தாயிடமிருந்து வருகிறதா, மரபணு வழியாக வருகிறதா, அல்லது பலவீனமான குஞ்சுகள் இறந்துபோய் வலியவை மிஞ்சுவதால் அப்படித் தோன்றுகிறதா? இதை நம்பி, சிப்பிகள் பிழைத்துக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்லலாமா? கடலே காணாத ஊர்ப் பிள்ளைகள் என்பதால், அடிப்படையிலிருந்து விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர், வேலூர்

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடல் அமிலமாகிவிடவில்லை, அதன் காரத்தன்மை குறைந்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) இன்று 8.1க்கு அருகில் நிற்கிறது. இந்த அளவுகோல் மடக்கை அடிப்படையிலானது என்பதால், 0.1 இறக்கம் என்பது ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 26 சதவீதம் கூடிவிட்டதைக் குறிக்கிறது.

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்க, அவை நீரில் இருக்கும் கார்பனேட் அயனிகளோடு சேர்ந்து பைகார்பனேட்டாகிவிடுகின்றன. ஓடு கட்டுவதற்கான கார்பனேட் இவ்வாறு கைக்கு எட்டாமல் போவதுதான் சிப்பிக்கு நேரும் முதல் இடர். வளர்ந்த சிப்பி அதை ஓரளவு சமாளித்துவிடும். கருவுற்ற ஓரிரு நாட்களில் தன் முதல் ஓட்டைக் கட்டி முடிக்க வேண்டிய குஞ்சுக்குத்தான் உயிர்ப் போராட்டம், ஏனென்றால் அந்த வேளையில் அதற்கு இரை தேடி உண்ணும் உறுப்புகள் சரியாக உருவாகியிருக்காது. முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் 2007ஆம் ஆண்டையொட்டிச் சிப்பிக் குஞ்சுகள் பெருமளவில் மடிந்ததற்கு, ஆழத்திலிருந்து மேலெழுந்து வந்த கரியமில வாயு மிகுந்த நீரே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. தொட்டிக்கு வரும் நீரைத் தொடர்ந்து அளந்து, சோடியம் கார்பனேட்டைக் கலந்து அவர்கள் மீண்டார்கள்.

பதில்: கடல் உயிரியல் ஆய்வாளர், சொந்த ஊர் ஆற்காடு, இப்போது தூத்துக்குடி

பேராசிரியர் ஐயா வேதியியலைச் சொல்லிவிட்டதால், நான் தலைமுறை பற்றிய பகுதிக்கு நேரே வருகிறேன்.

உங்கள் மாணவி படித்தது, ஆஸ்திரேலியாவின் சிட்னி பாறைச் சிப்பியைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வைப் பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு. முட்டையும் விந்தும் முதிர்ந்து வரும் பருவத்தில் பெற்றோர் சிப்பிகளைக் கரியமில வாயு மிகுந்த நீரில் ஐந்து வாரங்கள் வைத்திருந்து, பிறகு அவற்றின் குஞ்சுகளை அதே போன்ற நீரில் வளர்த்தபோது, அவை மற்றக் குஞ்சுகளைவிடப் பெரியனவாகவும் விரைவாக வளர்வனவாகவும் இருந்தன. உயிர்பிழைத்த விகிதத்தில் மட்டும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

இதை லாமார்க் என்று சொல்லலாமா என்றால், அவசரப்பட வேண்டாம் என்பேன். பெற்றோரைத் தொட்டியில் வைக்கும்போது, அவற்றின் உடலுக்குள் முதிர்ந்துகொண்டிருக்கும் முட்டையும் விந்தும் அந்த மாற்றத்துக்கு நேரடியாக உள்ளாகின்றன. ஆகவே முதல் தலைமுறைக் குஞ்சில் தெரியும் மாற்றம் மரபுவழி வந்தது என்று சொல்ல முடியாது. முட்டையாக இருந்தபோதே அது பட்ட அனுபவமாக அது இருக்கலாம். அந்தக் குஞ்சுகளைச் சாதாரண நீரில் வளர்த்து, அவற்றுக்குப் பிறக்கும் பேரக் குஞ்சுகளிடமும் அதே மாற்றம் தென்பட்டால்தான் மரபு என்று பேசத் தொடங்கலாம். பல ஆய்வுகள் இந்தப் படியை எட்டாமலே நின்றுவிடுகின்றன.

நீங்கள் கேட்ட மூன்று வழிகளுமே உண்மையில் நடப்பவை. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதுதான் தீராத வழக்கு. தாய் முட்டையில் சேமிக்கும் கொழுப்பின் அளவும் தரமும் மாறலாம். மரபணுக்களின் செயல்பாட்டைப் பாதிக்கக்கூடிய, டிஎன்ஏ மீது ஒட்டும் மெத்தில் குறிகள் மாறலாம்; ஆனால் இவை சிப்பிகளில் பாலூட்டிகளில் உள்ளதைவிட மிகக் குறைவு, பெரும்பாலும் மரபணுக்களின் உட்பகுதியில்தான் காணப்படுகின்றன, ஆகவே மனிதரைப் பற்றிப் படித்ததை அப்படியே சிப்பிக்குப் பொருத்தக் கூடாது. மூன்றாவதான இயற்கைத் தேர்வைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு சிப்பி ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகளை இடுகிறது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இயல்பாகவே மடிந்துவிடுகின்றன. எனவே தேர்வு செயல்படுவதற்கு ஒரே தலைமுறையிலேயே இடம் தாராளமாக இருக்கிறது.

இதை அழகாகக் காட்டியது, சிப்பியைப் போன்றே இரட்டை ஓடு கொண்ட மத்தியதரைக் கடல் மஸ்ஸல்களை வைத்துச் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு. ஒரே பெற்றோர் கூட்டத்தின் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை 8.1 பி.எச். நீரிலும் மறு பகுதியை 7.4 பி.எச். நீரிலும் வளர்த்து, நாட்கள் செல்லச் செல்ல எந்த மரபணு வடிவங்கள் கூடுகின்றன, எவை குறைகின்றன என்று பார்த்தார்கள். இரண்டு நீரிலும் மரபணு வடிவங்களின் விகிதம் வெவ்வேறு திசையில் நகர்ந்தது. தாங்கும் திறன் புதிதாக உண்டாகவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்த வேறுபாடுதான் மேலே வந்தது. பால்டிக் கடலின் கீல் பகுதியில், ஆழத்து நீர் மேலெழுவதால் கரியமில வாயு அடிக்கடி கூடும் இடத்தில் வாழும் மஸ்ஸல்களின் குஞ்சுகள், வட கடல் மஸ்ஸல்களின் குஞ்சுகளைவிட அதைத் தாங்கின என்று 2017இல் வந்த முடிவும் இதற்குத் துணை நிற்கிறது.

இப்போது கசப்பான பகுதி. அதே சிட்னி பாறைச் சிப்பியை 2017இல் வேறு கோணத்தில் சோதித்தார்கள். கரியமில வாயு மட்டும் கூடியபோது, முன்பே அந்த நீரில் வைக்கப்பட்ட பெற்றோரின் குஞ்சுகள் 8 சதவீதம் பெரியனவாக இருந்தன. ஆனால் வெப்பத்தை 24 பாகையிலிருந்து 28க்கு உயர்த்தியபோதும், உப்பைக் குறைத்தபோதும், தீனியைப் பாதியாக்கியபோதும், அதே குஞ்சுகள் மற்றவற்றைவிட அதிகமாக இறந்தன; சில தொட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வட அமெரிக்காவின் கெட்டி ஓட்டு மட்டியிலும் ஸ்காலப் என்ற இரட்டை ஓட்டு உயிரியின் ஒரு வகையிலும் பெற்றோர் பட்ட அமிலம் குஞ்சுகளை இன்னும் பலவீனமாக்கியது என்றே அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு சொல்கிறது. உண்மைக் கடலில் வெப்பமும், மழைக்கால நன்னீரும், தீனிக் குறைவும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆகவே "பெற்றோர் பழகிவிட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்" என்று வகுப்பில் சொல்ல வேண்டாம் என்பதே என் முடிவு.

பதில்: வாணியம்பாடி வாசகர்

இரண்டு ஐயங்கள். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து மட்டிகள் இல்லாமல் போவதும் இதே கணக்கில் வருமா? வலிய சிப்பிகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் போதாதா?

பதில்: கடல் உயிரியல் ஆய்வாளர், தூத்துக்குடி

பாலாற்றுக் கதை வேறு, சகோதரரே. அங்கே உப்பும் குரோமியமும் முன்னிற்கின்றன. கரியமில வாயுவால் கடலில் மெதுவாக நடக்கும் மாற்றத்தோடு அதைக் குழப்பினால் இரண்டும் புரியாமல் போகும்.

தேர்ந்தெடுத்து வளர்ப்பது நடைமுறையில் இருக்கிறது. சிட்னி பாறைச் சிப்பியில் வேகமான வளர்ச்சிக்காகவும் நோய் எதிர்ப்புக்காகவும் உருவாக்கிய வரிசைகளின் குஞ்சுகள், காட்டுச் சிப்பிகளின் குஞ்சுகளைவிடக் கரியமில வாயுவையும் ஓரளவு நன்றாகத் தாங்கின. பண்ணைக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனால் சில பெற்றோரை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், நான் மேலே சொன்ன உள்வேறுபாடு சுருங்கிவிடும். அடுத்து வரும் நோய்க்கோ வெப்பத்துக்கோ எடுத்துக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. கரையோரத்தில் இயல்பாக வாழும் கூட்டங்களுக்கு இந்த வழி பொருந்தவும் பொருந்தாது.

மறுமொழி: உயிரியல் ஆசிரியை, குடியாத்தம்

மிக்க நன்றி. லாமார்க் கேள்விக்கு, பேரக் குஞ்சு வரை பார்க்க வேண்டும் என்ற விளக்கமே போதும். அறிவியல் கண்காட்சியில் கிளிஞ்சலை வினிகரில் போட்டுக் காட்டலாமா?

பதில்: ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர், வேலூர்

வேண்டாம் அம்மா. வினிகரின் பி.எச். 3க்கும் கீழே, அதில் ஓடு பொங்கிக் கரைவதைப் பார்க்கும் பிள்ளைகள், கடலில் சிப்பிகள் அப்படியே கரைகின்றன என்று நினைத்துவிடுவார்கள். வெற்றிலைக் கடையில் வாங்கும் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். சோடா புட்டியிலிருந்து வரும் கரியமில வாயுவைக் குழாய் வழியாக அதில் செலுத்தினால் முதலில் பால்போல் வெளுக்கும். அதுதான் கால்சியம் கார்பனேட், ஓட்டின் பொருள். வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் அந்த வெண்மை மறைந்து நீர் மறுபடி தெளியத் தொடங்கும். ஒரே வாயு முதலில் ஓட்டின் பொருளைக் கட்டிப் பிறகு கரைப்பதைக் கண்ணால் காட்ட முடியும். வாயால் ஊதினால் நேரம் அதிகமாகும், சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடும் ஆபத்தும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்துவிட்டு, குழாயை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.