பெரிய சவுனாவுக்கு எந்த மரம்? ஏரிக்கரை வீடு, 15 பேர் உட்காரும் அளவு

ஏரிக்கரை_வீடு:

வணக்கம். பின்லாந்தில் தம்பேரேவுக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு பழைய வீட்டை நாலு குடும்பம் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். அதில் இருக்கும் சவுனாவில் (நீராவிக் குளியலுக்கான சூட்டறை) மூன்று பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கிறது, சுவரின் கீழ்ப்பலகையெல்லாம் உளுத்துப்போய்க் கிடக்கிறது. இடித்துவிட்டு 12 முதல் 15 பேர் வரை ஒன்றாக உட்காரும்படி புதிதாகக் கட்டுவதாக முடிவு. உள்ளளவு 4 மீட்டருக்கு 3.5, உயரம் 2.4. விறகு அடுப்பு.

இங்கே ஒரு தச்சர் இரண்டு விலை கொடுத்திருக்கிறார். ஒன்று, சுவர், கூரை, உட்காரும் பலகை எல்லாமே பைன். இன்னொன்று, எல்லாமே வெப்பத்தில் பதப்படுத்திய ஆஸ்பென், விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். உட்காருகிற பலகைக்காவது தேக்கு போடு, தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார். பணம் நாலு வீட்டுப் பணம், அதனால் மூன்று மடங்கு கொடுப்பதென்றால் காரணம் தெரிந்து கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரப்பட்டறை:

நான் லாஹ்தி பக்கம் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்க்கிறேன், சவுனா பலகைகள் எங்களுக்கு அன்றாட வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேக்கு. அப்பா சொல்வது நிலைக்கும் கதவுக்கும் நூற்றுக்கு நூறு சரி, வைரம் பாய்ந்த கனத்த மரம்தான் அங்கே காலத்துக்கும் நிற்கும். சவுனாவில் உட்காரும் பலகைக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். உட்காரும் மேல்தட்டில் 80, 90 டிகிரி சூடு, அதில் வெறும் உடம்போடு உட்காருகிறோம். கனமான மரம் அந்தச் சூட்டை வேகமாகத் தோலுக்குக் கடத்தும், லேசான மரம் மெதுவாகத்தான் கடத்தும். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, ஆஸ்பென் 450 பக்கம், மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வரும் அபாச்சி 380 பக்கம். எடை குறையக் குறைய உட்காருவதற்குச் சுகம். அதனால் தேக்கு வேண்டாம், அப்பாவிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் மரம் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

அடுத்து பைன். பைனில் கணு அதிகம், பிசின் அதிகம். கணு சுற்றியுள்ள மரத்தைவிட அடர்த்தி, அந்த இடம் மட்டும் தனியாகச் சுடும். எங்கள் அடுக்குமாடியின் பொது சவுனாவில் ஒரு ஒப்பந்தக்காரர் உட்காரும் பலகைக்கும் பைனையே போட்டுவிட்டுப் போனார். நன்றாகச் சூடேற்றிய நாட்களில் கணு இருந்த இடமெல்லாம் தேன்நிறத்தில் பிசின் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. சூடாக இருக்கும்போது தோலில் பட்டால் எரியும், துண்டில் பட்டால் துவைத்தாலும் போகாது. உலர்சூளையில் நல்ல சூட்டில் உலர்த்திய பைன் என்றால் பிசின் ஓரளவு இறுகிவிடும், ஆனாலும் கையும் முதுகும் படும் இடத்தில் அதை நான் போடமாட்டேன். கூரைக்கும் வேண்டாம், அறையிலேயே அதிகச் சூடு அங்கேதான், கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் பிசின் சொட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் ஆஸ்பெனாகப் போட வேண்டியதும் இல்லை. உங்கள் அளவுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு 15 மீட்டர், உயரம் 2.4, ஆக சுவர் 36 சதுர மீட்டர். கூரை 14. மொத்தம் 50, கதவு ஜன்னல் கழித்தால் 45 என்று வைப்போம். உட்காருவதற்கு ஆளுக்கு 60 செ.மீ. வைத்தால் 15 பேருக்கு 9 மீட்டர் நீளம், ஆழமும் 60 செ.மீ. என்றால் 5.4 சதுர மீட்டர்தான். முதுகு சாய்மானம், ஏறும் படி எல்லாம் சேர்த்தாலும் 10க்குள் அடங்கிவிடும். உடம்பு படுவது இந்தப் பத்து சதுர மீட்டரில்தான், உங்கள் நல்ல மரம், நல்ல பணம் எல்லாம் அங்கே போகட்டும். சுவரும் கூரையுமான 45க்கு ஸ்புரூஸ் போதும், அதுவும் பைன்போல ஊசியிலை மரம்தான். அதிலும் பிசின் பைகள் உண்டு, ஆனால் பைன் அளவுக்கு இல்லை, கணுவும் சின்னது. பின்லாந்தில் பரம்பரையாகச் சுவருக்குப் போடுகிற மரமும் அதுதான்.

பலகைக்கு ஆஸ்பெனா ஆல்டரா என்று கேட்டால், இரண்டும் நல்லது. கடையில் ஆஸ்பெனுக்கு ஹாபா என்றும் ஆல்டருக்குத் தெர்வாலெப்பா என்றும் எழுதியிருக்கும். இரண்டிலும் பிசின் கிடையாது, சிராய் ஏறுவதும் குறைவு. ஆஸ்பென் வெளுப்பாக அழகாக இருக்கும், ஆனால் வியர்வைக் கறையும் ஈரக்கறுப்பும் பளிச்சென்று தெரியும். ஆல்டர் கொஞ்சம் கனம், சிவந்த நிறம், கறை அவ்வளவாகத் தெரியாது. 15 பேர், அதில் குழந்தைகளும் இருப்பார்கள் என்றால் என் ஓட்டு ஆல்டருக்கு.

டொராண்டோ_குளிர்:

இங்கே கனடாவில் சவுனா என்றாலே எல்லோரும் வெஸ்டர்ன் ரெட் செடார் என்பார்கள். கன மீட்டருக்கு 370 கிலோ பக்கம்தான், உட்கார இதமாக இருக்கும், சீக்கிரம் அழுகாது, கதவைத் திறந்ததுமே வாசனை தூக்கும். ஆனால் அந்த வாசனை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. செடார் தூளில் இருக்கும் பிளிகேட்டிக் அமிலம் மர ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரவழைக்கிறது என்பது தெரிந்த விஷயம். சவுனாவில் உட்காருவதும் ஆலையில் தூள் பறக்க அறுப்பதும் ஒன்றல்ல, இருந்தாலும் எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா என்பதால் நான் ஆஸ்பென்தான் போட்டேன். நாலு குடும்பம் என்கிறீர்கள், யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பக்கத்திலேயே ஆஸ்பெனும் ஆல்டரும் கிடைக்கும் பின்லாந்துக்கு செடாரை இறக்கிப் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஏரிக்கரை_வீடு:

ரொம்ப நன்றி. மரப்பட்டறை அண்ணா, அந்த 10க்கு 45 கணக்கை எங்கள் குழுவில் போட்டேன், பாதிச் சண்டை அதோடு முடிந்தது. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பலகைச் சுவரே வேண்டாம், முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டுங்கள், அதில் வரும் நீராவியே தனி என்கிறார். அவர் சவுனாவில் உட்கார்ந்து பார்த்தேன், உண்மையிலேயே அருமையாக இருந்தது. இரண்டாவது, வெப்பத்தில் பதப்படுத்திய மரம் அழுகாது என்கிறார்களே, தட்டுகளைத் தாங்கும் சட்டங்களுக்கும் அதையே போட்டால் நல்லதுதானே?

பிஸ்பலா_நீராவி:

நான் தம்பேரேதான், பிஸ்பலாவில் 1906ல் இருந்து ஓடிக்கொண்டிருக்கும் ராயபோர்ட்டி பொது சவுனாவுக்கு வாராவாரம் போகிறவன். ஏரிக்கரையில் கட்டைச்சுவர் சவுனா கட்டிய ஒரு நண்பருக்குக் கூடமாட இருந்ததால் சொல்கிறேன்.

கட்டைச்சுவரின் நீராவி நிஜமாகவே மெத்தென்று இருக்கும், பெரியவர் சொல்வதில் மிகை இல்லை. ஆனால் கட்டை மெதுவாகத்தான் சூடேறும். அடுப்பு வாங்கும்போது அறையின் கன அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும், கட்டைச்சுவர் என்றால் அந்த அளவை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறார்கள் அடுப்புக்காரர்கள். உங்கள் அறை 33.6 கன மீட்டர், கட்டைச்சுவர் என்றால் 50க்கு உரிய அடுப்பு வேண்டும். ஏரியைப் பார்க்கப் பெரிய கண்ணாடி வைக்கிறீர்களா, ஒவ்வொரு சதுர மீட்டர் கண்ணாடிக்கும் இன்னொரு 1.2 கன மீட்டர். சாதாரண குளிர்கால நாளில் சூடேற்றவே பல மணி நேரம் விறகு போட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும். வாரம் ஒருமுறை நாள் முழுக்க இருக்கப் போகிறீர்கள் என்றால் அது பிரச்சினையே இல்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்கியதும் குளிக்க வேண்டும் என்றால் யோசியுங்கள்.

இன்னொன்று, புதுக்கட்டை காயக் காயச் சுவர் இறங்கும். மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் இறங்கலாம். ஜன்னல், கதவுக்கு மேலே இடைவெளி விட வேண்டும், தட்டுச் சட்டத்தைச் சுவரோடு இறுக்கி முடுக்கக் கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கேலோ இருக்கிறது, நின்ற நிலையிலேயே செத்துப் பல பத்தாண்டுகள் காய்ந்த வடக்குப் பைன். வெள்ளிபோல் சாம்பல் நிறம், பார்க்க அவ்வளவு அழகு. இறங்குவதும் மிகக் குறைவு. விலை தச்சரிடம் கேளுங்கள், நாலு குடும்பத்துக்கும் கொஞ்சம் பக்கென்று இருக்கும்.

பதப்படுத்திய மரத்தைச் சட்டத்துக்குப் போடவே போடாதீர்கள். 1990களில் இங்கேயே வளர்த்தெடுத்த முறை அது, மரத்தை 180 முதல் 215 டிகிரி வரை நீராவியில் சூடாக்குகிறார்கள். பிசின் போய்விடும், ஈரம் குடிப்பது குறைந்துவிடும், அழுகலும் தள்ளிப்போகும். ஹெல்சிங்கியில் 2016ல் திறந்த லோய்லு சவுனாவின் வெளிப்பக்கம் முழுக்கப் பதப்படுத்திய பைன்தான், கடல்காற்றில் சாம்பல் நிறத்துக்கு மாறி நிற்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் மரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது, வளைவு தாங்கும் பலம் குறைகிறது. 15 பேர் எடை, ஆளுக்கு 75 கிலோ என்றாலே 1,100 கிலோவைத் தாண்டும், குழந்தைகள் குதிப்பார்கள் வேறு. சட்டத்துக்குச் சாதாரண ஸ்புரூஸ் அல்லது பைன், நல்ல கனத்தில். அது கண்ணுக்கும் தெரியாது, தோலிலும் படாது.

மரப்பட்டறை:

பிஸ்பலா சொன்னது அத்தனையும் சரி. மரம் வந்து இறங்கும்போது என்ன பார்ப்பது என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நல்ல வகை மரத்திலேயே மோசமான பலகை வரும்.

ஈரம்தான் முதல் சோதனை. தச்சரிடம் ஈரமானி இருக்கும், உங்கள் முன்னாலேயே குத்திக் காட்டச் சொல்லுங்கள். 8 முதல் 12 சதவீதம் என்றால் நல்லது, 16, 18 காட்டினால் திருப்பி அனுப்புங்கள். அந்த ஈரத்தோடு அடித்தால் 120 மி.மீ. அகலப் பலகை சவுனா சூட்டில் 2, 3 மி.மீ. சுருங்கும், ஒரு பலகையின் காடியில் (ஓரப் பள்ளம்) இருந்து அடுத்த பலகையின் நாக்கு (அதில் பொருந்தும் ஓரத் துருத்தல்) விலகி இடுக்கு தெரியும். ஸ்புரூஸில் கணுவை உற்றுப் பாருங்கள். கணுவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் செத்த கணு, காய்ந்ததும் கழன்று விழும். கணு சிவப்பாக இருந்து, சுற்றியுள்ள மரத்தோடு ஒட்டியிருந்தால் பயமில்லை. உட்காரும் பலகைக்கு 28 மி.மீ. கனம், 90 மி.மீ. அகலம் கேளுங்கள், 140 பார்க்க எடுப்பாக இருக்கும் ஆனால் வளையும். தாங்குசட்டம் 50, 60 செ.மீ.க்கு ஒன்று. திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, அதுவும் அடியில் இருந்துதான் முடுக்க வேண்டும். மேலே தலை தெரிந்தால் தொடையைச் சுட்டுவிடும், சாதா இரும்பு என்றால் சுற்றிலும் கறுப்புக் கறை படரும்.

சுவர்ப்பலகையைக் கிடையாக அடிப்பதானால் நாக்கு மேலே, காடி கீழே. மாற்றி அடித்தால் காடியில் தண்ணீர் தங்கும். உங்கள் பழைய சவுனாவில் கீழ்ப்பலகை உளுத்தது தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் இருக்கும், புதிதில் கீழே ஒரு வரிசை ஓடு பதித்து அதற்கு மேல் மரத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பலகைக்குப் பின்னால் காற்றோட்ட இடைவெளி, அதற்குப் பின்னால் அலுமினியத் தாள். பச்சை நிறத்தில் விற்கிற, மருந்தேற்றிய மரம் வெளித்திண்ணைக்கு மட்டும், சூட்டறைக்குள் ஒரு துண்டுகூட வேண்டாம். வார்னிஷும் கூடாது. உட்காரும் பலகைக்குப் பாரஃபின் எண்ணெய் மெல்லியதாக ஒரு பூச்சு போதும்.

அடுப்பில் இருந்து மரத்துக்கு விட வேண்டிய தூரம் அடுப்போடு வரும் கையேட்டில் இருக்கும், அதில் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்த மரம் புதுமரத்தைவிடச் சீக்கிரம் பற்றும்.

தச்சரிடம் மூன்றாவதாக ஒரு விலை கேளுங்கள்: சுவரும் கூரையும் ஸ்புரூஸ், சட்டம் ஸ்புரூஸ், உட்காரும் பலகையும் சாய்மானமும் படியும் ஆல்டர். தட்டு வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள், சட்ட இடைவெளியை நான் பார்த்துச் சொல்கிறேன்.