புதுப்பிப்பு: மடி வீங்கிய பூனையும் மூன்று குட்டிகளும்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மச்சில் குட்டி போட்ட பூனைக்குக் காய்ச்சல், மடி கல் மாதிரி வீங்கி, குட்டிகளை அண்டவிடாமல் சீறுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூடையில் தூக்கிப் போனோம். மடிநோய்தான். ஊசி, மாத்திரை. இன்று சாளைத் தலை இரண்டைத் தின்றுவிட்டது.

குட்டிகள் பாடுதான் பெரும்பாடு. பசும்பால் போதும் என்று சொன்னவர்களே, கொடுத்தேன், கழிந்தது. இப்போது பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு, வெதுவெதுப்பாக, இரண்டரை மணிக்கு ஒருமுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சில். மல்லாத்தக் கூடாது, தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கணும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் பக்கத்தில் கிடத்திச் சூடேற்றணும், அப்புறம்தான் பால், ஏனென்றால் குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது. குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடியில் துடைத்தால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் போகும்! இதை ஒருத்தரும் சொல்லவில்லையே.

"ஏலே, பெத்த பிள்ளைக்கே நான் இப்படி முழிச்சதில்ல" என்கிறாள் ஆச்சி.

குட்டியின் எடை நாளுக்கு 10 கிராமாவது ஏறணும். இரண்டு ஏறுகின்றன. கறுப்பு மட்டும் நேற்று 4 கிராம்தான். நாளைக் காலை மறுபடி ராமையன்பட்டி.