பெரியம்மா வீட்டு அலமாரியின் பச்சை: எப்படிப் பிடிப்பது?

இழுப்பறை எழுதியது:

பெரியம்மா வீட்டுச் சமையலறையில் ஒரு மர அலமாரி இருந்தது. 1971-ல் பெரியப்பா தன் கையால் எனாமல் பெயிண்ட் அடித்தது. நிறம் பச்சை. இலைப்பச்சை இல்லை, கிளிப்பச்சையும் இல்லை. பாசி பிடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பால் விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பச்சை. பள்ளி விடுமுறையில் அங்கே போனால் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் கதைப் புத்தகம் படிப்பேன்.

வீடு கைமாறிவிட்டது. அலமாரியைக் கரையான் தின்றது போக ஒரே ஒரு இழுப்பறை மிச்சம். அதில் ஆணியும் திருகும் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது புதிதாக ஒரு அலமாரி செய்திருக்கிறேன், அதே நிறத்தை அடிக்க ஆசை.

முதலில் ஷேடு கார்டைப் பார்த்து நினைவிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பலகையில் அடித்ததும் கண்ணைக் குத்தியது. அடுத்து இழுப்பறையையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெஷினில் வைத்துப் படித்துக் கலந்து கொடுத்தார்கள். கடை விளக்கில் இரண்டும் ஒன்றேதான். வீட்டுக்கு வந்து சாயங்காலம் பல்பைப் போட்டால் இழுப்பறை ஒரு நிறம், பலகை வேறு நிறம். பகலில் பார்த்தால் ஓரளவு பொருந்துகிறது, ஆனால் இரண்டுமே என் பச்சை இல்லை. அழுக்குப் பச்சை.

இதற்கு நடுவில் அண்ணன் (பெரியம்மா மகன், என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர்) போனில், "பச்சையா? அது நீலம்டா" என்கிறார். அவருக்கு நிறக்குருடு எல்லாம் கிடையாது. என்ன செய்யலாம்?

பழைய பிரஷ் எழுதியது:

முப்பது வருடமாகப் பெயிண்ட் வேலை பார்க்கிறேன். மெஷின் பொய் சொல்லவில்லை, நீங்கள் காட்டியதைத்தான் படித்திருக்கிறது. காட்டியது சமையலறைப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, மெல்லிய துணியால் ஒரு ஓரத்தில் மட்டும் துடைத்துப் பாருங்கள்.

உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பச்சை, மஞ்சள் என்றால் இன்னும் சந்தேகம்தான். பழைய பச்சைகள் பல பிரஷ்யன் நீலமும் குரோம் மஞ்சளும் கலந்தவை, குரோம் மஞ்சள் என்பதே ஈயக் குரோமேட். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் தகட்டுக்கு அடியில் யார் கையும் படாத பெயிண்ட் இருக்கும், அதுதான் அசல் நிறம். அப்புறம் ஷேடு கார்டு விஷயம்: சின்னச் சீட்டில் அடக்கமாக இருக்கும் நிறம் பெரிய கதவில் கத்தும். இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள்.

ஓவியச் சீரமைப்பு எழுதியது:

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மேலே உள்ள நண்பர் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கைப்பிடிக்கு அடியில் அழுக்கு இருக்காது, சரி. ஆனால் அசல் நிறமும் அங்கே இருக்காது. லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கலந்த பெயிண்ட் வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகமாக மஞ்சளிக்கும். ஐம்பது வருடம் இருட்டில் கிடந்த இடம் அது.

நல்ல செய்தி, இந்த மஞ்சளிப்பு வெளிச்சம் பட்டால் பெருமளவு விலகும். இழுப்பறை முகப்பைக் கழுவிவிட்டு, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். சுள்ளென்ற நேர் வெயில் வேண்டாம். மூடிய பாதியையும் திறந்த பாதியையும் ஒன்றாகப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கடையில் பொருந்தி வீட்டில் பிரிந்ததற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பழைய பெயிண்டில் இருந்த நிறமிகள் வேறு, இப்போது மெஷின் ஊற்றுபவை வேறு. ஒரு விளக்கில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், விளக்கு மாறினால் வித்தியாசம் வெளியே வந்துவிடும். அலமாரி நிற்கப்போகும் இடத்தில், அங்கே எரியப்போகும் விளக்கிலேயே ஒப்பிடுங்கள்.

நினைவையும் அப்படியே நம்ப வேண்டாம். 1960-ல் பார்ட்டில்சன் என்ற ஆய்வாளர் புல், வானம் போன்ற பழகிய பொருள்களின் நிறத்தை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்தார். பெரும்பாலும் உள்ளதைவிடச் செறிவாகத்தான் நினைவில் இருந்தது. உங்கள் முதல் பலகை கண்ணைக் குத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சும்மா ஒருவன் எழுதியது:

பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த அலமாரியே இல்லை, யார் வந்து தப்பு என்று சொல்லப் போகிறார்கள்? (அண்ணனைத் தவிர.)

ஆனாலும் ஒரு கேள்வி. இழுப்பறை எனாமல், பளபளப்பாக இருக்கும். பலகையில் அடித்தது மேட்டா, அதாவது பளபளப்பு இல்லாததா? மேட் என்றால் ஒரே நிறம்கூட வெளிறித் தெரியும். பளபளப்பு ஒத்துப்போன பிறகு நிறத்தைப் பற்றிச் சண்டை போடுங்கள்.

இழுப்பறை எழுதியது:

மேட்தான். அசடு வழிகிறேன்.

பத்தொன்பது நாள் ஜன்னலில் வைத்தேன். நேற்று அட்டையை எடுத்தேன். மூடியிருந்த பாதி பச்சை. திறந்திருந்த பாதியை நீலம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பச்சை என்று அடித்துச் சொல்ல வாயும் வரவில்லை. நடுவில் அட்டையின் விளிம்பு கோடு கிழித்தது போல் நேராகத் தெரிகிறது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "அதான் அன்றைக்கே சொன்னேனே" என்று ஒரு வரி.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அண்ணன் வேலை கிடைத்து வீட்டைவிட்டுப் போனது 1976-ல். நான் அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தது 1985-க்குப் பிறகு. ஜன்னலே இல்லாத மூலையில் நின்ற அலமாரி அது. அவர் பார்த்தது புதுப் பெயிண்ட், நான் பார்த்தது பதினைந்து வருடம் மஞ்சளித்தது. ஆக நான் தேடுவது பெரியப்பா வாங்கி வந்த டப்பாவில் இருந்த நிறமே இல்லை.

இந்தத் தடவை பளபளப்பான எனாமல். வெளுத்த பாதியை மெஷினில் படிக்க வைத்து அரை லிட்டர் வாங்கினேன். அதில் கொஞ்சம் பிரித்தெடுத்து மஞ்சள் காவியைத் தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டுக் கலந்தேன். ஆறாவது தொடலில் சட்டென்று வந்து நின்றது. ஏழாவது தொட்டிருக்கக் கூடாது, பலகை ஒன்று வீண்.

கதவுக்கு வெளியே என் பச்சை. உள்பக்கம் முழுக்க அண்ணனின் நீலம். அவர் வந்து திறக்கும் வரை சொல்லப் போவதில்லை.

பழைய பிரஷ் எழுதியது:

கைப்பிடி விஷயம் எனக்கும் பாடம்தான். ஆனால் உள்பக்கத்துக்கும் அதே ஆயில் எனாமலா? வேண்டாம். மூடிய அலமாரிக்குள் இருட்டு. அண்ணனின் நீலம் சில வருடத்தில் உங்கள் பச்சையாகிவிடும். உள்ளே தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் எனாமல் வாங்கி அடியுங்கள், அது அவ்வளவாக மஞ்சளிக்காது.